வியாழக்கிழமை யார் வருகிறார்கள்?

ஒரகடத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் கிரிக்கெட் எப்போது தொடங்க வேண்டும் என்பதை ஏரிதான் முடிவு செய்தது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து கலங்கல் வழிந்த வருஷம் என்றால் மாசி பிறக்கும் வரை ஆட்டம் கிடையாது. தண்ணீர் உள்வாங்கத் தொடங்கியதும் கரையோரக் காட்டாமணக்கைப் பிடுங்கிப் போட்டு இடம் பிடிப்போம். ஏரிக் களி காயும்போது பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் பந்து பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. அதனால் இருபத்திரண்டு கஜத்துக்கு மட்டும் களியைக் கொத்தி, கட்டி உடைத்து, தண்ணீர் தெளித்து, கேழ்வரகுக் களத்திலிருந்து கல் உருளையை இழுத்து வந்து ஓட்டி, மேலே சாணிக் கரைசலை ஊற்றி மெழுகுவோம். இரண்டு நாள் காய்ந்தால் பிட்ச் தயார். ஸ்டம்பர் பந்து அதில் பட்டு முழங்கால் உயரத்துக்கு ஒழுங்காக எழும்பும்.

அந்த மைதானத்துக்குப் பணம் என்று எதுவும் செலவானதில்லை. ஆனால் வேலை இருந்தது, வேலைக்கு முறையும் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கு இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து பிட்சில் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஊற்றாமல் நழுவியவனுக்கு மறுநாள் பேட்டிங் கிடையாது. பெரிய பையன்கள் வைத்த சட்டம் அது. யாரும் மீறி நான் பார்த்ததில்லை. ஒரு மைதானத்தை உயிரோடு வைத்திருப்பது பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த ஏரியில் கற்றதுதான்.

எங்கள் பக்கத்துக்கு முதலில் வந்த பெரிய விளையாட்டிடம் கிரிக்கெட்டுக்கானது அல்ல. இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயத் தடம் 1990இல் திறந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற சங்கம் கட்டி, இன்றுவரை அந்தச் சங்கமே நடத்திவரும் தடம் அது. மாமா சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். கார்களைவிட எனக்கு நினைவில் நிற்பது, பந்தயம் முடிந்த பிறகு ஆட்கள் துடைப்பத்தோடு இறங்கி வளைவுகளில் சிதறிய ஜல்லியைப் பெருக்கியதுதான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தத் தடம் பயன்பாட்டில் இருப்பதற்கு, அதைத் தன்னுடையது என்று நினைக்கிற ஒரு கிளப் கூடவே இருந்ததுதான் காரணம் என்று பின்னால் புரிந்துகொண்டேன்.

பிறகு ஆலைகள் வந்தன. 1996இல் ஹூண்டாய்க்கு இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல் நாட்டினார்கள். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 640 ஏக்கரில். 2012இல் டைம்லர், 400 ஏக்கரில். சிங்கப்பெருமாள்கோயில் சாலையும் வாலாஜாபாத் சாலையும் அகலமாகிக்கொண்டே போயின. எங்கள் ஊரைச் சுற்றிய மானாவாரி நிலமும் அதற்கு நடுவே கிடந்த தரிசுகளும் மதில்களுக்குள் போயின. வீட்டுக்கு ஒருவருக்கு வேலை கிடைத்தது, கூரை வீடுகள் மாடி வீடுகளாயின. இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. என் சாப்பாடும் என் பிள்ளைகளின் படிப்பும் அந்த மதில்களுக்குள்ளிருந்துதான் வந்தன. ஆனால் ஒரு கிரிக்கெட் மைதானத்துக்குத் தேவை நாலு, மிஞ்சினால் ஐந்து ஏக்கர். ஆயிரக்கணக்கான ஏக்கர் அளந்து பிரிக்கப்பட்ட இந்த வட்டாரத்தில், அந்த ஐந்து ஏக்கரை யார் கணக்கில் வைப்பது என்று எந்த வரைபடத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஐ.டி.ஐ. முடித்து நானும் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். கம்பெனிக்கு ஒரு டீம், டீமுக்கு ஒரு ஜெர்சி. ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் கம்பெனிகளுக்கிடையே டோர்னமென்ட் நடக்கும். மேட்ச் ஆட இடம் வேண்டுமென்றால் சுற்றுவட்டாரத்து இன்ஜினீயரிங் கல்லூரிகளின் மைதானங்களைத்தான் நாடுவோம். செமஸ்டர் பரீட்சை என்றால் கிடைக்காது. கிடைத்தாலும் ஞாயிற்றுக்கிழமை அரை நாள் வாடகை, பந்து, அம்பயர், மேட் எல்லாம் சேர்ந்து கான்ட்ராக்டில் வேலை பார்க்கிற பையன்களால் தாங்க முடியாத தொகையாகிவிடும். அவர்கள் நைட் ஷிப்ட் முடித்து, குளிக்காமல்கூட, டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு நேராக வருவார்கள். அவர்களிடம் பணம் கேட்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சங்கடமாக இருக்கும்.

எங்கள் மெயின்டெனன்ஸ் பிரிவில் ஒரு ஃபோர்மேன் இருந்தார். வடசென்னைக்காரர். இளம் வயதில் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் மைதானத்திலும் பெரம்பூரில் ஐ.சி.எஃப். மைதானத்திலும் ஆடியவர். தொழிற்சாலையும் மைதானமும் ஒன்றாக வளர்ந்த காலத்தைச் சேர்ந்தவர் அவர். சென்னை லீக்கில் கெம்பிளாஸ்ட் ஆதரவில் ஜாலி ரோவர்ஸ், இந்தியா சிமெண்ட்ஸ் ஆதரவில் விஜய் கிளப் என்று ஆலைகளும் வங்கிகளும் அணிகளைத் தாங்கிய கதைகளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆட்டக்காரனுக்கு வேலை கொடுத்தார்கள், மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவனுக்கும் வேலை கொடுத்தார்கள். அவன் பெயரும் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதை அவர் திரும்பத் திரும்பச் சொல்வார்.

பிட்ச் எப்படிப் போடுவது என்று எனக்கு முறையாகக் கற்றுத்தந்தவரும் அவர்தான். ரோலரை எப்போது இறக்குவது என்பதில்தான் வித்தை முழுவதும் இருக்கிறது. ஈரம் அதிகமாக இருந்தால் களி உருளையோடு ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வரும். காய்ந்த பிறகு ஓட்டினால் மேலே பளபளக்கும், உள்ளே இறுகாது. கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் மண் ஒட்டக் கூடாது. அந்தப் பக்குவம் வெயில் காலத்தில் காலையில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அப்போது ரோலரோடு அங்கே ஒரு ஆள் இருந்தாக வேண்டும். ஆட்டம் முடிந்த பிட்சில் புல் வேர் மறுபடி பிடிக்க, மிதிபட்ட கிரீஸ் குழிகளில் புது மண் நிரப்பித் தண்ணீர் காட்ட, வெளிப்புறப் புல்லை ஒரே மட்டத்தில் வெட்ட, மழை இருட்டினால் தார்ப்பாயை இழுத்து மூட என்று வேலை நாள் தவறாமல் இருக்கும். ஆட்டம் வாரத்தில் ஒரு நாள்தான்.

2014 ஏப்ரலில் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வரவு செலவு உள்ள கம்பெனிகள், மூன்று வருஷச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். என்ற மூன்றெழுத்து எங்கள் ஊராட்சி அலுவலகம் வரை வந்து சேர்ந்தது. பள்ளிக்கு வகுப்பறை, ஆர்.ஓ. பிளான்ட், பஸ் ஸ்டாப் நிழற்குடை எல்லாம் வந்தன. ஊருக்கு மேற்கே, வருவாய்க் கணக்கில் தரிசு என்று பதிவான ஒரு மேட்டு நிலம் இருந்தது. ஏரி ஆட்டம் நின்ற பிறகு பையன்கள் அங்கேதான் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதை மைதானமாக்கித் தருகிறோம் என்று ஒரு பெரிய கம்பெனி முன்வந்தது.

2016இல் வேலை நடந்தது. எனக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. ஜே.சி.பி. வந்து மேடு பள்ளத்தைச் சமன் செய்தது. சுற்றிலும் கம்பி வேலி. ஒரு பக்கம் ஐந்து படி கேலரி. போர் போட்டு மோட்டார் இறக்கினார்கள். புதிதாக அரை டன் ரோலர் ஒன்று வந்தது, பச்சைப் பெயின்ட் அடித்து. திறப்பு விழாவுக்குக் கலெக்டர் அலுவலகத்திலிருந்து வந்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள், கல்வெட்டு வைத்தார்கள். மைதானத்தைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். எனக்குப் பெரியப்பா முறை. மாடு மேய்த்தவர். மேய்ச்சல் நிலம் சுருங்கி மாடுகளை விற்றபின் சும்மா இருக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். கிரிக்கெட்டில் எத்தனை பந்துக்கு ஒரு ஓவர் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் மண்ணும் புல்லும் தெரியும். ஃபோர்மேன் ஒரு வாரம் கூட இருந்து சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று வருஷம் எங்களுக்கு நல்ல மைதானம் இருந்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஷெட்களில் தங்கியிருந்த பையன்களும் வந்து ஆடினார்கள். அதில் ஒரு பையன் போட்ட யார்க்கரை எங்கள் ஊரில் யாராலும் தொட முடியவில்லை. பிளஸ் டூ படிக்கிற பெண்கள் சிலர் காலை ஆறு மணிக்கு வந்து ஓடினார்கள். அவர்களுக்கு அதற்கு முன் ஓடுவதற்கு ஊரில் பயமில்லாத இடம் இருக்கவில்லை.

பிறகு அந்தக் கம்பெனியின் திட்டக் காலம் முடிந்தது. இதில் நான் யாரையும் திட்டப் போவதில்லை. சி.எஸ்.ஆர். விதிகள் பின்னால் தொடர் திட்டத்துக்கு வைத்த வரம்பே, தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று வருஷம்தான். அதற்கு முன்பும் கம்பெனிகள் அதே மாதிரிதான் திட்டம் போட்டன. சட்டத்தின் ஏழாம் அட்டவணையும் விளையாட்டைப் பற்றிச் சொல்லும்போது கிராமப்புற, தேசிய, ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுகளை வளர்க்கும் பயிற்சி என்றுதான் சொல்கிறது. பயிற்சி, கட்டடம், கருவி இவற்றுக்கெல்லாம் பில் போட்டுக் கணக்குக் காட்டலாம். ஒருவர் தினமும் காலையில் வந்து தண்ணீர் பாய்ச்சுகிறார் என்பதை முடிவே இல்லாத செலவாக எந்தத் திட்டத்திலும் எழுத முடியாது. கம்பெனி மைதானத்தை ஊராட்சியிடம் ஒப்படைத்தது. ஊராட்சிக்குத் தெருவிளக்கும் குடிநீரும் குப்பையும் பார்க்கவே பணம் போதவில்லை. பெரியப்பாவின் சம்பளம் நின்றது.

சம்பளம் நின்ற பிறகும் சில மாதம் அவர் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்: “ஞாயித்துக்கெழம ஆடறதுக்கு நீங்க இருவது பேரு வர்றீங்க. வியாழக்கெழம இங்க யாருடா வர்றா? நா வர்றேன். நானும் சாப்புடணுமா வேணாமா?” யாரிடமும் பதில் இல்லை. அதன் பிறகு அவர் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார்.

கோடையில் மோட்டார் எரிந்தது. புல் மஞ்சளாகி, பிறகு காணாமல் போனது. 2020இல் ஊரடங்கு. ஆள் நடமாட்டம் இல்லாத அந்த மாதங்களில் பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்தது, வேலியோரம் சீமைக் கருவேலம் தலைகாட்டியது. ரோலரின் கைப்பிடியை யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். கல்வெட்டு மட்டும் புதிதாகவே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்தது. அத்தனை ரூபாய் மண்ணில் கொட்டி, ஒரு மனிதனின் மாதச் சம்பளம் இல்லாததால் அத்தனையும் போயிற்று.

அந்த வருஷங்களில் வெளியூர் மைதானங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கேள்வி ஒன்றுதான்: இங்கே சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) 2016இல் தொடங்கியபோது சென்னையோடு திண்டுக்கல் நத்தத்திலும் திருநெல்வேலியிலும் ஆட்டங்கள் வைத்தார்கள். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போன சமயம் சங்கர் நகர் மைதானத்தில் ஓர் ஆட்டம் பார்த்தேன். சங்கர் நகர் இருக்கும் தாழையூத்துதான் இந்தியா சிமெண்ட்ஸின் முதல் ஆலை 1949இல் உற்பத்தி தொடங்கிய இடம். ஆலையோடு குடியிருப்பு, குடியிருப்போடு பள்ளிக்கூடம், மைதானம். விளக்கு வெளிச்சத்தில் அந்தப் புல்லைப் பார்த்து நான் அசந்துபோனேன். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்கள் பிட்சுக்கு வந்து உட்கார்ந்து குழிகளைத் தடவிப் பார்த்தார்கள். அவர்கள் யாரும் அவசரப்படவில்லை. மறுநாளும் அங்கேதான் இருக்கப்போகிறவர்கள் வேலை செய்கிற விதம் அது.

அங்கே தொழிலாளி ஆலைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தான். அவன் பிள்ளை அந்த மைதானத்தில் ஆடினான். எங்கள் வட்டாரத்தில் அப்படி இல்லை. காஞ்சிபுரம், அரக்கோணம், திருத்தணி, செய்யாறு என்று பல ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்கள் ஆட்களை ஏற்றி வந்து, ஷிப்ட் முடிந்ததும் திருப்பி இறக்குகின்றன. ஆலையைச் சுற்றிக் குடியிருப்பு இல்லை. இருப்பதெல்லாம் ஆறு பேர் தங்கும் வாடகை அறைகள். இப்படி ஒரு இடத்தில் எந்தக் கம்பெனிக்கும் மைதானம் தன் வீட்டு முற்றமாகத் தோன்றுவதற்கு வழியில்லை. கம்பெனிகளும் என்றென்றும் இருப்பதில்லை. நோக்கியா 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. சங்கர் நகரை உருவாக்கிய இந்தியா சிமெண்ட்ஸே 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கைக்கு மாறிவிட்டது. ஒரே ஒரு முதலாளியை நம்பிய மைதானத்துக்கு இது எப்போதும் இருக்கிற ஆபத்து.

நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானம் வேறு வகை. கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது, கல்லூரி இருக்கும் வரை தண்ணீரும் ஆளும் இருக்கும். 2019 டிசம்பரில் தமிழ்நாடும் கர்நாடகமும் மோதிய ரஞ்சி ஆட்டம் அங்கேதான் நடந்தது. கடைசி நாளில் 26 ரன்னில் தோற்றோம். கிருஷ்ணப்பா கௌதமின் சுழலில் விக்கெட்டுகள் சரிந்ததைப் பார்த்து எங்கள் பையன்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் நாலு நாள் முழுக்க ஆடி முடித்த பிறகும் அந்த பிட்ச் சிதையாமல் கிடந்ததைக் கவனித்தேன். ஒரு சிற்றூரில் முதல்தர ஆட்டத்துக்கான தரையைத் தர முடிகிறது என்றால் எங்கள் ஊராலும் முடியும் என்று தோன்றியது.

சேலத்துக்குப் பக்கத்தில் வாழப்பாடியில் சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானம் 2020 பிப்ரவரியில் திறந்தது. ராகுல் டிராவிட் வந்திருந்தார். அடுத்த மாதமே ஊரடங்கு. அங்கே டி.என்.பி.எல். ஆட்டம் நடந்தது 2022இல்தான். இடையில் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பெரிய ஆட்டமில்லை, டிக்கெட் இல்லை, விளம்பரம் இல்லை, ஆனாலும் புல்லுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், பிட்சை உருட்டியிருக்கிறார்கள். எங்கள் மைதானம் செத்துப்போன அதே மாதங்களில்தான் அது உயிரோடு இருந்தது. வரவு இல்லாத காலத்திலும் செலவைத் தாங்க ஓர் அமைப்பு இருந்தது என்பதைத் தவிர வேறு ரகசியம் அதில் இல்லை.

வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் தன் சொந்த ஊரான சின்னப்பம்பட்டியில் கட்டிய மைதானத்தை 2023இல் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் வாட்ஸாப் குழு முழுக்க அதே பேச்சு. டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த பையன், இந்தியாவுக்கு ஆடி, சம்பாதித்ததை ஊர் மண்ணில் போட்டிருக்கிறார். அவர் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை. ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நடராஜன் பிறக்கும் வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. இந்த மாதிரி ஆர்வத்தில் பிறந்த மைதானங்கள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குத் திருப்பூர் இன்னொரு சாட்சி. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டுக்குச் சேப்பாக்கத்தில் பிட்ச் போட்ட வி. ரமேஷ் குமார், திருப்பூரில் ஆடை ஏற்றுமதித் தொழில் செய்கிறவர். தன் ஊரில் மைதானம் அமைத்து, அதில் தரை போட்டுப் பழகியவர்.

கடல் தாண்டினால் எதிர்மறையான பாடமும் உண்டு. இலங்கையில் அம்பாந்தோட்டைக்கு அருகே சூரியவெவவில் 2011 உலகக் கோப்பைக்காக 35,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டினார்கள். சுற்றிலும் காடும் வயலும். பின்னால் சில வருஷங்களில் அங்கே சர்வதேச ஆட்டமே நடக்கவில்லை. அதே நாட்டில் 2023 ஆசியக் கோப்பையில் மழையோடு மல்லுக்கட்டிய கொழும்பு, கண்டி மைதான ஊழியர்களுக்கு 50,000 டாலர் பரிசு அறிவித்தார்கள். இறுதிப் போட்டியில் ஆறு விக்கெட் எடுத்த இந்தியாவின் சிராஜ் தன் ஆட்டநாயகன் பரிசுத் தொகையை அவர்களுக்கே கொடுத்தார். டி.வி.யில் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. 2024 ஐ.பி.எல். முடிந்ததும் வழக்கமான பத்து மைதானங்களின் ஊழியர்களுக்குத் தலா 25 லட்சம், கூடுதலாகப் பயன்பட்ட மூன்று மைதானங்களுக்குத் தலா 10 லட்சம் என்று இந்திய கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் பரிசு வருஷத்துக்கு ஒரு முறை வரும், அதுவும் டி.வி.யில் தெரிகிற மைதானத்துக்கு மட்டும் வரும். எங்கள் பெரியப்பா மாதிரி ஆட்களுக்கு வேண்டியது மாதம் ஒன்றாம் தேதி வருகிற சம்பளம்.

தண்ணீர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் எங்கள் பக்கத்தில் மைதானம் பற்றிப் பேசவே கூடாது. எழுபது மீட்டர் எல்லை கொண்ட வட்ட மைதானத்தின் பரப்பு ஏறத்தாழ 15,000 சதுர மீட்டர். அதன் மேல் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க 15,000 லிட்டர் வேண்டும். சித்திரை வெயிலில் புல் ஒரு நாளைக்கு நாலைந்து மில்லிமீட்டர் குடிக்கும். அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஐந்து, ஆறு நடை, தினமும். விலை கொடுத்து வாங்கி எவராலும் கட்டுப்படியாகாது. போர் தண்ணீரையும் மனசாட்சியோடு அவ்வளவு உறிஞ்ச முடியாது, பக்கத்தில் நெல் வைத்திருக்கிறார்கள். ஆனால் சுற்றிலும் இருக்கிற ஆலைகளில் ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் குளித்து, கை கழுவி, கேன்டீனில் சாப்பிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு ஆலைத் தோட்டங்களுக்குப் போகிறது. மதிலுக்குள் புல்வெளி ஆடியிலும் பச்சையாக இருப்பது அதனால்தான். அதில் ஒரு பங்கைக் குழாய் போட்டு மதிலுக்கு வெளியே விட்டால் மைதானத்தின் பாதிச் செலவு தீர்ந்தது. மீதிக்கு வெளிவட்டப் புல்லை இயற்கைக்கு விட்டு, நடுவில் பிட்ச் சதுரத்தையும் உள்வட்டத்தையும் மட்டும் பராமரித்தால் போதும். ஊர் மைதானத்துக்கு டி.வி. பச்சை தேவையில்லை.

இன்னொன்று. அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டின் மனைகளை 99 வருஷக் குத்தகைக்குப் பெறும் ஒவ்வொரு கம்பெனியும் சாலை, விளக்கு, வடிகால் முதலியவற்றுக்காக வருஷாவருஷம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறது. மைதானத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. தானமாகவோ மூன்று வருஷத் திட்டமாகவோ வேண்டாம். தெருவிளக்கு எரிவதற்கு எப்படிப் பணம் போகிறதோ, அதே கணக்கில் ரோலர் ஓட்டுகிறவரின் சம்பளமும் போகட்டும். பத்து கம்பெனிகள் பகிர்ந்தால் ஒன்று மூடிப் போனாலும் மைதானம் சாகாது. அரசு தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் கட்டும் திட்டத்தை அறிவித்தது, 2024இல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் தரும் திட்டத்தைத் தொடங்கியது. பேட்டும் ஸ்டம்பும் வந்துவிட்டன. அவற்றை நட்டு ஆடும் தரைக்கு ஒரு ஆளை யாராவது சம்பளத்தோடு எழுத வேண்டும்.

நாங்கள் காத்திருக்கவில்லை. 2022 கோடையில் பார்த்தீனியத்தைப் பிடுங்கத் தொடங்கினோம். ரோலருக்கு எங்கள் ஒர்க்‌ஷாப் பையன்களே புதுக் கைப்பிடி வெல்டு செய்தார்கள். ஃபோர்மேன் ஓய்வு பெற்று மகளோடு பெரம்பூரில் இருக்கிறார். ஆள் அனுப்பிக் கூட்டிவந்து காட்டினோம். மண்ணை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஏரிக் களி இன்னும் இரண்டு அங்குலம் வேண்டும் என்றார். பணத்துக்குப் பெரிய இடங்களுக்குப் போகவில்லை. மெஸ் நடத்துகிறவர்கள், வேன் முதலாளிகள், பிளேட்டிங் பட்டறைக்காரர், வாடகை அறைகள் கட்டி விட்டிருக்கிற வீட்டுக்காரர்கள் என்று வீடு வீடாகப் போனோம். மொத்தமாகக் கொடுக்க வந்தவர்களிடம் வேண்டாம், மாதாமாதம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினோம். அதில் சிலர் கோபித்துக்கொண்டார்கள். ஒருமுறை கொடுத்துப் பெயர் போட்டுக்கொள்வதுதான் அவர்களுக்குப் பழக்கம். ஒடிசாப் பையன்கள் தங்கள் குழுவிலிருந்து தாங்களாகவே வந்து மாதச் சந்தா எழுதினார்கள். அவர்களுக்கு ஞாயிறு காலை ஆறு முதல் ஒன்பது வரை ஒதுக்கியிருக்கிறோம், பெண் பிள்ளைகளுக்குத் தினமும் மாலை ஒரு மணி நேரம்.

பெரியப்பாவை மறுபடி கூப்பிட்டோம். குடோன் வேலையை உடனே விடவில்லை. மூன்று மாதச் சம்பளத்தை முன்னாலேயே பாங்கில் போட்டுக் காட்டுங்கள் என்றார். அது நியாயம். போட்டுக் காட்டினோம், வந்தார். இப்போது அவரோடு கூட ஒரு பையனையும் பழக்குகிறார், முழங்கால் வலி அவருக்கு.

இன்னும் முடியாமல் இருப்பது ஒரு காகித வேலை. வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் அந்த நிலம் இன்றும் தரிசு என்றே இருக்கிறது. தரிசு என்று இருக்கும் வரை நாளைக்கு யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் கேட்கலாம், எங்கள் புல்லும் பிட்சும் எந்தக் கணக்கிலும் வராது. விளையாட்டு மைதானம் என்று வகை மாற்றம் செய்து தரக் கேட்டு ஜமாபந்தியில் மனு கொடுத்துவருகிறோம். சர்வேயர் வந்து அளந்து போயிருக்கிறார். இந்த வருஷ மனுவோடு பெரியப்பாவின் சம்பளப் பட்டியலையும், மோட்டார் ஓடிய நேரக் குறிப்பையும், சந்தா கொடுத்தவர்கள் கையெழுத்திட்ட நோட்டையும் நகல் எடுத்து இணைத்திருக்கிறோம்.